பேராண்டி சாக்லேட்டுக் கம்பெனி வைக்கிறான்

வா பேராண்டி, உக்காரு. ஏசி ரூம்புல பாத்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுட்டுக் கோவில்பட்டியில சாக்லேட்டுக் கம்பெனி வைக்கப் போறேன்னு ஒங்கப்பன் வந்து சொன்னான். அவன் அழுதுக்கிட்டுச் சொன்னான், நான் சிரிச்சுக்கிட்டுக் கேட்டேன். நல்ல முடிவுதான். சாக்லேட்டு உருகுறது 34 டிகிரியில. நம்ம ஊருச் சித்திரை வெயிலு மத்தியானத்துக்கு முன்னாலயே அதைத் தாண்டிரும். ஒரு ஊருக்கு இவ்வளவு பொருத்தமா ஒரு சரக்கைத் தேடிக் கண்டுபுடிக்க, படிச்ச பிள்ளையாலதான் முடியும்.

கோவிச்சுக்கிடாதே. நான் தடுக்கப் போறதில்லை. தடுத்தா நீ கேக்கவும் போறதில்லை. பாகுச் சட்டி முன்னால நின்னே கெழவனானவன் நான். எனக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தையைச் சொல்லிப்புடுறேன். அப்புறம் நீ வீடியோவைப் பாத்து அதையெல்லாம் மறந்துக்கோ.

மொதல்ல கையில இருக்கிற அந்தத் துப்பாக்கியைக் கீழ வை. சட்டியைப் பாத்து நீட்டுறே, செவப்புப் புள்ளி விழுது, நம்பரு வருது. பாகு பயந்துபோய் உண்மையைச் சொல்லிரும்னு நெனைச்சியா? அது மேலாப்புல உள்ள சூட்டை மட்டுந்தான் பாக்கும். அடியில என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. பாகுக்குள்ள முங்குற கம்பித் தெர்மாமீட்டரு ஒண்ணு வாங்கிக்கோ. வாங்குனா, அது எதைக் காட்டுதுன்னும் தெரிஞ்சுக்கோ. சீனியும் தண்ணியும் சேந்து கொதிக்கையில, தண்ணி ஆவியாகக் குறையக் குறையத்தான் சூடு ஏறும். 112 டிகிரின்னா சட்டியில நூத்துக்கு 85 பங்கு சீனி, மிச்சம் தண்ணி. 150ஐத் தொட்டுட்டா 99 பங்கு சீனி, தண்ணி ஒரே ஒரு பங்கு. அந்தக் கம்பி படிக்கிறது பூராவும் தண்ணிக் கணக்குத்தான்.

ஒங்க ஆச்சிக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனா விடை தெரியும். ரெண்டு வெரலுக்கு நடுவுல பாகைத் தொட்டு இழுத்து ‘ஒத்தக் கம்பி’ன்னு அவ சொன்னா, அது 106க்கும் 112க்கும் நடுவுல நிக்கும். தண்ணிக்குள்ள விட்டுக் கையால உருட்ட வந்துச்சுன்னா 112, 116. தண்ணியில விட்ட சொட்டை எடுத்துத் தட்டுல போட்டு, ‘டங்’குன்னு சத்தம் கேட்டு ரெண்டா முறிஞ்சா 146லருந்து 154 வரைக்கும். கடலை மிட்டாய்க்கு அந்தச் சத்தம் வரணும். அவ வெரலுக்குப் பேட்டரியும் கெடையாது, வாரண்டியும் கெடையாது. இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

அடுத்து, சீனியோட புத்தியைத் தெரிஞ்சுக்கோ. பனையில வந்தாலும் கரும்புல வந்தாலும் அதுக்கு ஒரே ஆசைதான்: கரைச்சு விட்டாலும் மறுபடி ஒண்ணோடொண்ணு கூடி மணி மணியாக் கட்டணும். அந்த ஆசைக்கு எவ்வளவு எடங் குடுக்குறதுங்கிறதுதான் மிட்டாய்க்காரனோட தொழிலு. நம்ம சீமையைச் சுத்தி ஒரு நடை வந்தாலே பாடம் முடிஞ்சிரும். பனங்கற்கண்டு எடுக்குறவன் பதனியைக் காய்ச்சிப் பானையில ஊத்தி, உள்ள நூலைத் தொங்கவிட்டு, வாரக்கணக்குல தொடாம விட்டுருவான். யாரும் அசைக்காம விட்டா மணி பெருசு பெருசா நூலைப் புடிச்சுக்கிட்டு வளரும். ஸ்ரீவில்லிபுத்தூருல பால்கோவா போடுறவன் கையெடுக்காமக் கிண்டுறான். கிண்டக் கிண்ட மணி எக்கச்சக்கமா உண்டாகும்; எக்கச்சக்கமா உண்டானா ஒவ்வொண்ணும் பொடிசாத்தான் இருக்கும், நாக்குக்குத் தட்டுப்படாது. சவ்வு மிட்டாய்க்காரன் பாகை இழுத்து மடிச்சு, இழுத்து மடிச்சு, காத்தை உள்ள ஏத்தி, மூங்கில் கழியில சுத்திக் கொண்டாந்து, சின்ன வயசுல ஒன் கையில வாட்ச்சுக் கட்டிவிட்டான். நீ அதுல மணி பாத்துட்டு நக்கித் தின்னே. நம்ம கடலை மிட்டாய்க்கு மணியே கட்டக் கூடாது. பாகு கண்ணாடியா உறையணும். 2020ல புவிசார் குறியீடு குடுத்தானே, அது கடலைக்கும் கரிசல் மண்ணுக்கும் மட்டும் குடுத்ததுன்னு நெனைச்சுக்கிடாதே. அந்தப் பதத்துக்கும் சேத்துத்தான்.

அதனால சீனிப்பாகு கொதி வந்தபெறகு கரண்டியை வெளிய எடுத்துட்டு சும்மா நில்லு. சும்மா நிக்கிறதுக்கு ஆபீசுல பழகியிருப்பியே. சட்டி ஓரத்துல ஒட்டுன ஒத்தச் சீனி மணி உள்ள விழுந்தாப் போதும், மொத்தப் பாகும் அதோட சேந்துக்கிட்டுப் பூத்துரும். நனைச்ச துணியால ஓரத்தை வழிச்சு விட்டுக்கிட்டே இரு. நாலு சொட்டு எலுமிச்சஞ்சாறு விடு. புளிப்புப் பட்டா சீனியில கொஞ்சம் குளுக்கோசு, பிரக்டோசுன்னு ரெண்டா உடையும். அந்த ரெண்டும் குறுக்க நின்னு மத்த சீனியைக் கூட விடாது. வெல்லத்துல அது ரெண்டும் தன்னாலயே இருக்கு. ஆனா ரெண்டுக்கும் ஒரு கெட்ட பழக்கம், காத்துல உள்ள ஈரத்தை இழுத்துக்கிடும். ஐப்பசி அடைமழையில டப்பாவைத் தெறந்து வச்சுட்டுப் போனா கடலை மிட்டாய் பிசுபிசுன்னு கையில ஒட்டுறது அதனாலதான். நாலு சொட்டுன்னு நான் சொன்னா நீ ஒரு பழத்தைப் புழிவே. அப்புறம் மிட்டாயைக் கரண்டியில வழிச்சு நிறுத்துதான் விக்கணும்.

சரி, ஒன் சாக்லேட்டுக்கு வருவோம். கொக்கோக் கொட்டை பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புல ஊடுபயிரா நிக்கி, அங்க போய் வாங்குவேன்னு சொன்னே. போ. ஆனா காயை உடைச்சுக் கொட்டையைக் கடிச்சுப் பாத்துட்டு மொகத்தைச் சுளிக்காதே. மேல இருக்கிற வெள்ளைச் சதைதான் இனிக்கும். கொட்டை கசக்கும், சாக்லேட்டு வாசம் துளிகூட இருக்காது. சதையோட சேத்துக் குவிச்சு, வாழை எலையைப் போட்டு மூடி, 5லருந்து 7 நாள் புளிக்க விடணும். ஈஸ்ட்டு மொதல்ல வந்து சதையில உள்ள இனிப்பைச் சாராயமாக்கும். பின்னால வர்ற பாக்டீரியா அந்தச் சாராயத்தைக் காடியாக்கும். குவியலு தன்னால 45, 50 டிகிரிக்குச் சூடேறும். கொட்டைக்குள்ள இருக்கிற முளை அந்தச் சூட்டுலயும் புளிப்புலயும் செத்துப்போகும். அது செத்தாத்தான் வாசத்துக்கு உண்டான கச்சாச் சரக்கு உள்ள உண்டாகும். வறுக்கையில அதுதான் சாக்லேட்டா மணக்கும். புளிக்காத கொட்டையை எவ்வளவு வறுத்தாலும் கருகும், மணக்காது. தோப்புக்காரரு ‘நேத்துத்தான் பறிச்சு உடனே காயப்போட்டோம், பச்சுன்னு இருக்கு பாருங்க’ன்னு பெருமையாச் சொன்னா, ஒரு கும்பிடு போட்டு எளநி குடிச்சுட்டு வந்துரு.

அரைக்கிற மெசினுக்கு வெளிநாட்டுல ஆர்டரு போட்டிருக்கியாமே. எப்ப வருது, கப்பல்லயா? அமெரிக்காவுல கொட்டையில ஆரம்பிச்சு வீட்டுலயே சாக்லேட்டு செய்யக் கெளம்புனவங்க, இந்த நூற்றாண்டு தொடக்கத்துல எதுல அரைச்சாங்கன்னு தெரியுமா? நம்ம கோயமுத்தூரு வெட் கிரைண்டருல. மோட்டாரையும் பெல்ட்டையும் கொஞ்சம் பலப்படுத்திக்கிட்டு ஓட்டுனாங்க. இன்னைக்கும் ஒலகத்துல சின்னச் சின்னச் சாக்லேட்டுக்காரங்க பட்டறையில சுத்துறது அந்த வம்சத்து மெசினுதான். கருங்கல் உருளை சுத்துறதைப் பாத்து, இது சாக்லேட்டுக்கு ஆகும்னு இட்லி தெரியாத ஊருக்காரன் கண்டுபுடிச்சான். இட்லி தின்னே வளந்தவன் கப்பலுக்குக் காத்துக் கெடக்கே.

மாவு அரை மணியில அரைஞ்சிரும். சாக்லேட்டுக்கு ஒரு நாளு, ரெண்டு நாளு, சில சமயம் மூணு நாளுகூட கல்லு சுத்தணும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாப் பங்கு வச்சா ஒரு பங்கு ஒரு மைக்ரான். 30 மைக்ரானுக்கு மேல ஒரு துகளு இருந்தா நாக்கு நறநறன்னு புடிச்சுக் குடுத்துரும். 20க்குப் பக்கத்துல வந்தாத்தான் வழுவழுங்கும். அதுக்குன்னு ஆச்சியோட கிரைண்டரைத் தூக்கிட்டுப் போயிராதே. அது தண்ணியிலயே கெடந்த கல்லு, சாக்லேட்டுக்கு ஆகாது. அப்படியே ஆனாலும் அவ ஒன்னைச் சும்மா விட மாட்டா.

நாள்கணக்குல சுத்தவிடுற வித்தையைக் காட்டுனது சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்து ரொடால்ஃப் லிண்ட். 1879ல அதுக்குன்னே ஒரு மெசினு செஞ்சாரு. வார லீவுக்குப் போகையில மெசினை நிறுத்த மறந்துட்டாரு, வந்து பாத்தா சாக்லேட்டு வழுவழுன்னு ஆகியிருந்துச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. கதை எப்படியோ, வேலை மெய்தான். ஓட ஓட, புளிக்க வச்ச காடி வாசம் ஆவியாப் போயிரும். ஒவ்வொரு சீனித் துகளு மேலயும் கொழுப்பு பூசிக்கிடும். மறந்துட்டுப் போறதுல நீயும் கெட்டிக்காரன்தான். என்ன, நீ மறக்குறது சுவிட்சைப் போடுறதுக்கு.

அதே சுவிட்சர்லாந்துல வெவேங்கிற ஊருல டானியல் பீட்டர்னு ஒருத்தரு மெழுகுவத்தி செஞ்சு பொழைச்சுக்கிட்டிருந்தாரு. மண்ணெண்ணெய் வெளக்கு வந்து அவரு பொழப்புல மண்ணைப் போட்டுச்சு. மாமனாரு வீட்டுல சாக்லேட்டு வியாபாரம். மருமகனும் அதுல எறங்கிட்டாரு. சாக்லேட்டுல பாலைக் கலக்கலாம்னு பாத்தா, பாலுல இருக்கிற தண்ணி சேர விடலை. வருசக்கணக்குல மல்லுக்கட்டி, 1875ல சுண்டக் காய்ச்சுன பாலை வச்சு வழி கண்டாரு. இதுல ஒனக்கு ரெண்டு பாடம் இருக்கு. சாக்லேட்டுக்குத் தண்ணி ஆகாதுங்கிறது ஒண்ணு. தொழிலுக்கு மாமனாரு முக்கியம்ங்கிறது ரெண்டு. ரெண்டாவதுக்கு ஒனக்கு இன்னும் வழி பொறக்கலை. மொதப் பாடத்தையாவது புடிச்சுக்கோ.

உருகுன சாக்லேட்டுல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் போச்சு. கொழுப்புக்குள்ள தனித்தனியாக் கெடந்த சீனித் துகளு ஈரத்தைக் கண்டதும் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு, மொத்தமும் களியா இறுகிரும். கொதிக்கிற தண்ணிச் சட்டி மேல கிண்ணத்தை வச்சு உருக்குறியே, அந்த ஆவி ஏறுனாலே போதும். அச்சைக் கழுவிட்டு ஒதறிட்டு ஊத்துற ஆளு நீ. ஒதறுனா ஈரம் போகாது, தொடைச்சுக் காய வைக்கணும். இறுகிப் போனதுல இன்னும் நெறைய வெந்நியோ பாலோ ஊத்துனா மறுபடி இளகிரும். அதைக் குழம்புன்னு சொல்லி ஐஸ்கிரீம் மேல ஊத்தித் தின்னலாம், கட்டியா மட்டும் வராது. அன்னைக்குக் கம்பெனிக்கு லீவு விட்டுட்டு சொந்தக்காரங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுரு.

இப்ப சூட்சுமத்துக்கு வாறேன், காதைக் குடு. உரிச்ச கொக்கோப் பருப்புல பாதிக்குப் பாதி கொழுப்பு. கொக்கோ வெண்ணெய்னு பேரு. அது உறையுறதுக்கு ஆறு வெதம் வச்சிருக்கு. ஆறு பிள்ளை பெத்த வீடுன்னு வச்சுக்கோ. மூத்தவனுங்க நாலு பேரும் சோப்ளாங்கி. 17 டிகிரியில ஒருத்தன், 27ல ஒருத்தன்னு லேசாச் சூடு பட்டாலே உருகி ஓடிருவானுங்க. ஆனா பந்திக்கு மட்டும் அவனுங்கதான் முந்துவானுங்க. அஞ்சாவது பிள்ளைதான் வீட்டுக்கு ஒத்தை வெளக்கு. 34 வரைக்கும் தாங்குவான், மினுமினுப்பான், ஒடிச்சா ‘சடக்’குங்குவான், வாய்ச் சூட்டுக்கு மட்டும் எளகுவான். ஆறாவதுக்காரன் ரொம்ப நாள் கழிச்சு வந்து சேந்து, வீட்டு மேல வெள்ளையடிச்சுட்டு நிப்பான்.

அஞ்சாவது பிள்ளையை மட்டும் வீட்டுல தங்க வைக்கிறதுக்குத்தான் டெம்பரிங்குன்னு பேரு. கறுப்புச் சாக்லேட்டை 45லருந்து 50 வரைக்கும் உருக்கி அத்தனை பேரையும் வெளியேத்து. கிண்டிக்கிட்டே 27, 28க்கு ஆத்து. நாலாவதும் அஞ்சாவதும் திரும்பி வருவானுங்க. இப்ப 31, 32க்கு லேசாச் சூடேத்து. நாலாவதுக்குத் தாங்காது, எந்திரிச்சு ஓடிருவான். அஞ்சாவது அசையாம இருப்பான். பால் சாக்லேட்டுன்னா எல்லாத்தையும் ரெண்டு டிகிரி கொறைச்சுக்கோ. இவ்வளவு ஏற்ற எறக்கம் ஒனக்கு ஒத்துவராதுன்னா, ஏற்கெனவே ஒழுங்கா உறைஞ்ச சாக்லேட்டுல கொஞ்சம் சீவி உள்ள போட்டுக் கிண்டு. அதுல இருக்கிற அஞ்சாவது பிள்ளை மத்ததையும் தன் வழிக்கு இழுத்துக்கிடுவான். ரூம்புச் சூடு 20, 22க்குள்ள இருக்கணும். ஏசிக்காரன் பிள்ளை காலேஜுப் படிப்பை நீ முடிச்சு வச்சிருவே.

‘ஆத்துறதுக்கு எதுக்கு மெனக்கெடணும், பிரிட்ஜுல வச்சா முடிஞ்சுது’ன்னு ஒனக்குத் தோணும். தோணாம இருந்தாத்தான் அதிசயம். பிரிட்ஜுல இருந்து எடுத்த சாக்லேட்டு மேல நம்ம ஊருக் காத்து பட்டா வேத்துக் கொட்டும். அந்த வேர்வையில மேலாப்புச் சீனி கரையும், காயும்போது சொரசொரன்னு வெள்ளை பூக்கும். வெயிலுல உருகித் தானா உறைஞ்சாலும் வெள்ளை பூக்கும், அது கொழுப்பு. வெரலை வச்சுத் தேய்ச்சுப் பாரு: எளகி மறைஞ்சா கொழுப்பு, மறையாமச் சொரசொரத்தா சீனி. ரெண்டையும் தின்னலாம், ஒண்ணும் செய்யாது. ஆனா வாங்குறவன் பூஞ்சைன்னு சொல்லி போட்டோ புடிச்சுப் போட்டுருவான். நீ அவனுக்குக் கொழுப்பைப் பத்தி வெளக்கம் சொல்லப் போனா, யாருக்குக் கொழுப்புன்னு அவன் கேப்பான்.

‘ஊட்டியில தெருவுக்குத் தெரு செய்றான், எனக்கு முடியாதா’ன்னு கேட்டே. ஊட்டி 2240 மீட்டரு ஒசரத்துல இருக்கு. ஆண்டவன் அந்த ஊருக்கே இலவசமா ஏசி போட்டு வச்சிருக்கான். அங்கேயும் பல கடையில கட்டியா வாங்குன காம்பவுண்டை உருக்கி அச்சுல ஊத்துறதுதான் நடக்கு. காம்பவுண்டுன்னா கொக்கோ வெண்ணெயை எடுத்துட்டு வேற தாவர எண்ணெய்க் கொழுப்பைச் சேக்குறது. அதுக்கு அஞ்சாவது பிள்ளையும் வேண்டாம், ஆறாவது பிள்ளையும் வேண்டாம். ஊத்துனா உறையும், அவ்வளவுதான். செய்யிறது தப்பில்லை, லேபிளுல மறைக்காம எழுது. இன்னொண்ணு, அங்க போய்ப் பாகு காய்ச்சிக் காட்டுறேன்னு வீராப்புப் பேசாதே. அந்த ஒசரத்துல தண்ணி 93 டிகிரிக்குள்ளயே கொதிச்சிரும். நம்ம ஊருப் பதக் கணக்குல அங்க ஏழு டிகிரி போலக் கழிக்கணும். கழிக்காமக் காச்சுனா, உருட்டுப் பதத்துக்கு நின்னவன் கல்லை எடுத்துட்டு வருவான்.

கடலை மிட்டாயைச் சாக்லேட்டுல முக்கி எடுத்தா என்னன்னு ஒரு யோசனை சொன்னியே, அது ஒண்ணுதான் நீ சொன்னதுல புத்தி உள்ள யோசனை. மேல கொழுப்பு இருந்தா உள்ள ஈரம் ஏறாது, மழைக்காலத்துலயும் மொறுமொறுன்னு நிக்கும். ஆனா கடலையில உள்ள எண்ணெய் சும்மா இருக்காது. மெல்லக் கசிஞ்சு சாக்லேட்டுக்குள்ள ஏறி, அதை எளக்கி, வெள்ளை பூக்க வச்சிரும். அதனால செஞ்சதை அடுக்கி வச்சு அழகு பாக்காம, சூட்டோட சூடா வித்துரு.

கலரு வெசயத்துல வெளையாடாதே. 2024 பிப்ரவரியில பஞ்சு மிட்டாய்க்கு நம்ம அரசாங்கம் தடை போட்டுச்சே, எதுக்கு? துணிக்குப் போடுற ரோடமின்-பிங்கிற சாயத்தைக் கலந்ததுக்கு. அந்தப் பஞ்சு மிட்டாய் மெசினை மொதமொதல்ல உண்டாக்குன ரெண்டு பேருல ஒருத்தரு யாருன்னு கேளு. அமெரிக்காவுல நாஷ்வில் ஊருல வில்லியம் மாரிசன்னு ஒரு பல் டாக்டரு. 1897ல செஞ்சு, 1904ல செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில வித்துத் தள்ளிட்டாங்க. தொழிலுக்கு ஆளு சேக்குறதுன்னா அதுதான். நீயும் ஒரு பல் டாக்டரைப் பங்காளியாச் சேத்துக்கோ. இந்தக் கையில வித்து, அந்தக் கையில வாங்கிரலாம்.

இவ்வளவையும் சொல்லிட்டு, பேசாம நம்ம கடலை மிட்டாயே போடுடான்னு முடிப்பேன்னுதானே மூஞ்சியப் பாக்கே? மாட்டேன். நீ சாக்லேட்டே செய். பாகு பதம் தாண்டுனா நிமிசத்துல செவந்து, கறுத்துக் கசந்துரும். தீஞ்ச பாகைத் திருப்பிப் பாகாக்க எவனாலயும் முடியாது; கடலையும் வெல்லமும் குப்பைக்குத்தான். சாக்லேட்டு அப்படியில்லை. பூத்தாலும் சரி, மங்குனாலும் சரி, ஒடிக்கையில சத்தம் வரலைன்னாலும் சரி, கருக்காம, ஈரம் படாம வச்சிருந்தாப் போதும். மறுபடி 45க்கு உருக்கு, மறுபடி 28க்கு ஆத்து, மறுபடி 31க்கு ஏத்து. அஞ்சாவது பிள்ளை எத்தனை தரம் வெரட்டுனாலும் கோவிக்காமத் திரும்பி வருவான். பாகுகிட்ட மன்னாப்புக் கெடையாது. ஒன் அவசரத்துக்கும் ஒன் மறதிக்கும் இதைவிடத் தோதான தொழிலு இந்த ஒலகத்துல இல்லை.

பாகுச் சட்டிப் பக்கம் மட்டும் வந்துராதே. அதுக்கு ஒன் தங்கச்சியைப் பழக்கிக்கிட்டிருக்கேன்.